பட்டம் கையில் இருக்க, மறுபடியும் பி.இ.யா?

அட்மிஷன் நேரம் வந்துவிட்டால் பிளஸ் டூ முடித்தவர்களின் கேள்விகளோடு இன்னொரு கூட்டத்தின் கேள்விகளும் வந்து சேரும். இவர்கள் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள். சிலர் வேலையில் இருக்கிறார்கள், சிலருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. "அப்பவே இன்ஜினியரிங் சேர்ந்திருக்கலாம்" என்ற குறை மட்டும் போகவில்லை. இவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு வேண்டிய வேலையின் அறிவிக்கையில் பி.இ. என்று அச்சில் இருக்கிறதா? இருந்தால் மேலே பேசலாம். இல்லையென்றால் மூன்று நான்கு வருடத்தையும் சில லட்சங்களையும் செலவழிப்பதற்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

பி.எஸ்சி. இயற்பியல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. வயது 23. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் ஆக வேண்டும் என்பது ஆசை. மறுபடி முதலாம் ஆண்டிலிருந்தா படிக்க வேண்டும்? (தென்காசி வாசகர்)

வேண்டாம். நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை, அதாவது லேட்டரல் என்ட்ரி, டிப்ளமோ படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கும் அதில் இடம் உண்டு. பிளஸ் டூவில் கணிதம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், பட்டப் படிப்பில் 45 சதவீதம் வேண்டும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40) என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் வகுத்த அடிப்படைத் தகுதி. மூன்றே வருடத்தில் முடித்துவிடலாம். கையில் வரும் பட்டம் மற்றவர்கள் நான்கு வருடம் படித்து வாங்கும் அதே பி.இ. தான்.

ஆனால் வரிசையில் உங்கள் இடம் எது என்று தெரிந்துகொண்டு போங்கள். டிப்ளமோக்காரர்களுக்குக் கொடுத்தது போக மீதி இடங்கள்தான் பி.எஸ்சி.காரர்களுக்கு. அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று கனவு கண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தனியார் கல்லூரிகளில் மின்னியல், இயந்திரவியல், சிவில் இடங்கள் ஏராளமாகக் காலியாகக் கிடக்கின்றன. மின்வாரியக் கனவுக்கு உங்களுக்குத் தேவை மின்னியல்தானே, அந்த வகையில் உங்களுக்கு யோகம்தான்.

படிப்பு எப்படி இருக்கும்? மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பாடத்தில் ஃபூரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று வரும்போது டிப்ளமோ பையன்கள் திணறுவார்கள். நீங்கள் அதையெல்லாம் இயற்பியலிலேயே தொட்டிருப்பீர்கள். அவர்கள் முந்துவது வேறு இடத்தில். மற்றவர்கள் முதலாம் ஆண்டில் முடித்த பொறியியல் வரைபடம், பொறியியல் இயக்கவியல் போன்ற பாடங்களை நீங்கள் இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்து எழுத வேண்டியிருக்கும். மினி டிராஃப்டர் என்ற வரைகருவியைப் பலகையில் மாட்டவே முதல் வாரம் சரியாகப் போய்விடும். பக்கத்தில் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்தவர் ஒரு கூம்பை வெட்டி, வெட்டுமுகத்தையும் வரைந்து, தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். நீங்கள் அப்போதுதான் எக்ஸ்-ஒய் கோட்டுக்கு மேலே வருவது முன்தோற்றமா மேல்தோற்றமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். (முதல் கோண முறையில் மேலே முன்தோற்றம், கீழே மேல்தோற்றம். பெயரை நம்பி வரைந்தால் தலைகீழாகிவிடும்.) சேர்வதற்கு முன் கிடைக்கும் இரண்டு மாதத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, வரைபடம் பழகுங்கள். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாட வீடியோக்கள் இலவசம்.

வயது 31. பி.எஸ்சி. கணிதம். பெண் குழந்தைக்கு நான்கு வயது. இந்த வயதில் பி.இ. சேர்ந்தால் கல்லூரியில் விடுவார்களா? (நாமக்கல் வாசகி)

கல்லூரி விடும். பொறியியல் சேர்க்கைக்கு வயது வரம்பு தடையாக இருக்காது. வயது குறுக்கே வருவது வெளியே வந்த பிறகுதான். நீங்கள் 34 வயதில் வெளியே வருவீர்கள். கேட் (எம்.டெக். சேர்க்கைக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்களில் பொதுப் பிரிவுக்கு வரம்பு பெரும்பாலும் 26 முதல் 30க்குள் முடிந்துவிடும். யூ.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணித் தேர்வுக்கு 30. பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று வருடம், பட்டியலினத்தவருக்கு ஐந்து வருடம் தளர்வு உண்டு. நீங்கள் பிற்படுத்தப்பட்டோர் என்றால் உங்கள் கணக்குக்கு அது போதாது, பட்டியலினத்தவர் என்றாலும் மிஞ்சுவது கொஞ்ச காலம்தான். கேம்பஸ் இன்டர்வியூவிலும் சில நிறுவனங்கள் படிப்பில் இடைவெளி இத்தனை வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று முதல் படியிலேயே கழித்துவிடுவார்கள்.

திறந்திருக்கும் ஒரு கதவு டி.என்.பி.எஸ்.சி. அதன் பொறியியல் பணித் தேர்வுகளில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்குப் பல பதவிகளில் உச்ச வயது வரம்பே கிடையாது. கடைசியாக வந்த அறிவிக்கையை இறக்கி, உங்கள் பதவிக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த வேலைதான் வேண்டும் என்றால் தாராளமாகச் சேருங்கள். ஐ.டி. வேலைக்காகத்தான் என்றால் அடுத்த கேள்வியின் பதிலைப் படியுங்கள்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து சென்னையில் ஆறு வருடமாக மென்பொருள் வேலை. பி.இ. இல்லாததால் வெளிநாட்டு வாய்ப்பு போகிறது என்று மேலதிகாரி சொல்கிறார். வேலையை விட்டுப் படிக்கலாமா?

வேலையை விடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது எம்.சி.ஏ. 2020-21 முதல் அது இரண்டே வருடம். மூன்று வருடம் செலவழித்து மறுபடி இளநிலைப் பட்டம் வாங்குவதைவிட இரண்டு வருடத்தில் முதுநிலைப் பட்டம் வாங்குவது மேல் இல்லையா? தொலைநிலையிலும் எம்.சி.ஏ. உண்டு. பல்கலைக்கழகத்துக்கு யூ.ஜி.சி.யின் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலதிகாரி சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவின் ஹெச்-1பி வேலை விசாவுக்கு நான்கு வருடப் பட்டத்துக்கு இணையான தகுதி கேட்கிறார்கள், நம் பி.எஸ்சி. மூன்று வருடம்தான். ஆனால் அதே விதியில் மூன்று வருடத் துறை அனுபவத்தை ஒரு வருடக் கல்லூரிப் படிப்பாகக் கணக்கிட இடம் இருக்கிறது. உங்களிடம் ஆறு வருடம் இருக்கிறது. மனிதவளத் துறையில் நேராகக் கேளுங்கள், மேலதிகாரி வாய்வழியாகச் சொல்வதை வைத்து ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்.

பி.காம். படித்தவன். பிளஸ் டூவில் கணிதம் இல்லை. டேட்டா சயின்ஸ் இன்ஜினியர் ஆக வழி உண்டா? (ஈரோடு வாசகர்)

பி.இ. வழி அடைபட்டிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்குப் பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். ஜே.இ.இ. கிடையாது, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். பாடம் ஆன்லைனில், தேர்வு நேரில். நடுவில் நிறுத்தினாலும் எட்டிய நிலைக்குச் சான்றிதழ் கிடைக்கும். இது பி.டெக். அல்ல, பி.எஸ். பி.இ./பி.டெக். என்று பெயர் சொல்லிக் கேட்கும் அரசு வேலைக்கு இதை நம்பாதீர்கள். நீங்கள் கேட்கும் வேலைக்கு அந்தப் பெயர் அவ்வளவாகத் தேவைப்படாது.

வேலையை விடாமல் ஒரே வருடத்தில் பி.டெக். வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். ஏற்கெனவே பட்டம் இருப்பதால் 'கிரெடிட் டிரான்ஸ்ஃபர்' என்கிறார். நம்பலாமா?

முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். தொலைநிலையில் பொறியியல் பட்டம் செல்லாது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அப்படிக் கொடுத்த பட்டங்களைப் பற்றி 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, அதை வைத்துப் பதவி உயர்வு வாங்கி வருடக்கணக்காக வேலை பார்த்தவர்களின் நிலையே ஆட்டம் கண்டது. இன்ஜினியர்கள் சங்கம் (ஐ.இ.ஐ.) நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வை எழுதலாமே என்று பழைய ஆட்கள் யோசனை சொல்வார்கள். 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் அது பட்டத்துக்கு இணை.

வேலையோடு படிக்க நேர்வழி ஒன்று இருக்கிறது, அது டிப்ளமோ வைத்திருப்பவர்களுக்கு. கோவை போன்ற ஊர்களில் சில கல்லூரிகள் மாலை நேரத்தில் பகுதிநேர பி.இ. நடத்துகின்றன. டிப்ளமோ முடித்து வேலையில் சேர்ந்து, அப்புறம் பதவி உயர்வுக்காக அஞ்சல் வழியில் பி.ஏ. வாங்கிய ஃபோர்மேன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவப் போவது அந்த பி.ஏ. அல்ல, பெட்டியில் கிடக்கும் டிப்ளமோ சான்றிதழ்தான்.

இரண்டாவது பட்டத்துக்குக் கல்விக் கடன், உதவித்தொகை கிடைக்குமா?

கடன் கிடைக்கும். நான்கு லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்க மாட்டார்கள். பழைய வருமான வரி முறையில் இருந்தால் வட்டிக்குக் கழிவும் உண்டு. ஆனால் மத்திய அரசின் வட்டி மானியம் ஒரு முறைதான், பி.எஸ்சி.க்கே வாங்கியிருந்தால் மறந்துவிடுங்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் மத்திய விதிகளிலும், ஒரு நிலையில் பட்டம் முடித்துவிட்டு அதே நிலையில் வேறு பாடம் படித்தால் தகுதி இல்லை. அதே ஆள் எம்.சி.ஏ. சேர்ந்தால் அது அடுத்த நிலைப் படிப்பு, தடை வராது. முதல் பட்டதாரிச் சலுகையையும் சிலர் கேட்கிறார்கள். குடும்பத்தில் இதுவரை பட்டதாரி இல்லை என்பதற்குத்தான் அந்தச் சான்றிதழ். உங்கள் வீட்டில்தான் நீங்கள் இருக்கிறீர்களே!

பி.இ. சிவில் முடித்தேன். இப்போது பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரலாமா?

வேண்டாம். கேட் தேர்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளை எழுதுங்கள், எந்தத் துறைக்காரரும் எழுதலாம். வேறு துறை பி.இ.யை ஏற்றுக்கொள்ளும் எம்.டெக். இடங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு கல்லூரியின் தகுதி விதியையும் விண்ணப்பிக்கும் முன் பாருங்கள். கேட் தகுதியோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்க வாய்ப்பு உண்டு. இரண்டாவது பி.இ.க்கு நீங்கள்தான் கட்ட வேண்டும்.