குழந்தைக்கு மயக்கம் கொடுத்துப் பல் வைத்தியம்: கிளினிக்கிலேயே செய்யலாமா?

ஐந்து வயது, 15 கிலோ, ஆறு பல்லில் சொத்தை, 'மயக்க ஊசி போட்டு ஒரே நாளில் முடித்துவிடலாம்' என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மயக்கம் என்று முதலில் கேளுங்கள். ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசி முதல் ஆபரேஷன் தியேட்டர் மயக்கம் வரை எல்லாவற்றுக்கும் 'மயக்க ஊசி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெற்றோர் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்றே தெரியாமல் போடுவது இதனால்தான்.

மூக்கில் மாஸ்க் வைத்துத் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவில் குழந்தை விழித்திருக்கும், கூப்பிட்டால் பதில் சொல்லும். ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி கருவியே தடுக்கும். முடிந்ததும் ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன் தர வேண்டும். சளி பிடித்த மூக்குக்கும், அழுது வாயால் மூச்சு விடும் குழந்தைக்கும் இது சரிப்படாது. மற்றபடி கிளினிக்கில் தாராளமாகச் செய்யலாம்.

அடுத்தது குடிக்கத் தரும் மயக்க மருந்தான மிடசோலம். பொதுவாகக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், உங்கள் குழந்தைக்கு 7.5. பாதியைத் துப்பிவிட்டால் உள்ளே எவ்வளவு போனது என்று தெரியாது. ஊகித்து மறுபடி கொடுக்கக் கூடாது. வீட்டிலேயே கொடுத்துக் கூட்டி வரச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், வழியில் மூச்சைக் கவனிக்க யாரும் இல்லை.

கூப்பிட்டாலும் எழாத ஆழ்ந்த மயக்கம்தான் வேறு விஷயம். வேலை நடப்பதும் வாயில், மூச்சு போகும் வழியும் அதுவே. ட்ரில் தண்ணீரோ ரத்தமோ தொண்டையில் இறங்கினால் குரல்வளை இறுகி அடைத்துக்கொள்ளும். கிலோ கணக்கில் பார்த்தால் குழந்தையின் உடல் பெரியவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது, கையிருப்போ குறைவு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் தாமதமாகவே எச்சரிக்கும், மூக்கில் ஆக்சிஜன் ஓடினால் இன்னும் தாமதம். மூச்சு நின்றதை உடனே காட்டுவது வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப். அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியம், பல்லைப் பார்ப்பவரே மயக்கத்தையும் பார்க்கக் கூடாது. பல் மருத்துவர்களைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். ட்ரில்லில் கண் இருக்கும் யாராலும் மூச்சையும் எண்ண முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ, குழந்தைப் பல் மருத்துவ அகாடமிகளின் 2019 வழிகாட்டுதலும் மயக்கத்துக்கென்று தனி ஆள் கேட்கிறது. இங்கிலாந்தில் 2001 முடிவோடு பல் கிளினிக்குகளில் முழு மயக்கத்தையே நிறுத்தி, மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள்.

பலர் மறப்பது மரத்துப்போகும் மருந்தின் கணக்கு. ஈறில் போடும் லிக்னோகைனுக்கு உச்ச அளவு கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்றால் 15 கிலோவுக்கு 66. இரண்டு சதவீத மருந்தில் அது வெறும் 3.3 மில்லி. ஒரே நாளில் வாயின் நாலு மூலையிலும் போட்டால் சுலபமாகத் தாண்டிவிடும், மயக்கத்தோடு சேர்ந்து மூச்சையும் அமுக்கும்.

'வெறும் வயிறு' என்பதையும் மணிக்கணக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள். தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் 4, மாட்டுப்பால், இட்லி 6, எண்ணெய்ப் பண்டம் 8. பால் தண்ணீர்க் கணக்கில் சேராது, வயிற்றில் திரிந்து கட்டியாகிவிடும்.

திரும்பும்போது காரில் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஓட்டாதவர் பின்சீட்டில் உட்கார்ந்து, தூங்கும் குழந்தையின் தலை முன்னால் தொங்கிவிடாமல் தாடையைத் தாங்கிப் பிடித்திருக்கட்டும்.