சொன்ன சொல் தட்டாத ரோபோக்கள்: கேள்வி பதில்

கேள்வி: ‘ரோபோ’ என்ற சொல்லை உருவாக்கியவர் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ்தானே?

இல்லை. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தில் வந்த சொல் அது. அவருடைய அண்ணன் யோசெப் எடுத்துக் கொடுத்தது. செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு. அசிமோவ் தந்தது, ரோபோ துறையைக் குறிக்கும் ‘ரோபாட்டிக்ஸ்’ என்ற சொல்.

கேள்வி: தன் கதைகளில் ரோபோக்களுக்கு வகுத்த மூன்று விதிகள் இருந்தால் ரோபோவால் ஆபத்தே வராது என்று அசிமோவ் நம்பினாரா?

கதைகளைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது, தீங்கு நேரும்போது சும்மா இருக்கவும் கூடாது. இரண்டு, மனிதன் சொன்னதைக் கேட்க வேண்டும். மூன்று, தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். முரண் வந்தால் முந்தைய விதிக்கே முதலிடம்.

இவை வரிசையாகச் சொல்லப்பட்ட முதல் கதை 1942இல் வந்த ‘ரன்அரவுண்ட்’. அந்தக் கதையிலேயே விதிகள் முட்டிக்கொள்கின்றன! இடம் புதன் கிரகம், அங்கே இருப்பவர்கள் பவல், டொனோவன் என்ற இருவர். செலினியம் என்ற தனிமத்தை எடுத்து வா என்று ஸ்பீடி என்ற ரோபோவை டொனோவன் அனுப்புகிறான். அது வராவிட்டால் இருவர் உயிர் போய்விடும். ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை, ஏதோ சாதாரண வேலைபோலச் சொல்லிவிட்டான். ஸ்பீடியோ விலை உயர்ந்தது, அதனால் அதன் தற்காப்பு விதியைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். செலினியக் குட்டை அருகே ஆபத்து. கிட்டே போனால் மூன்றாம் விதி பின்னுக்கு இழுக்கிறது, விலகினால் இரண்டாம் விதி முன்னுக்குத் தள்ளுகிறது. பாவம், குடித்தவன் போல உளறிக்கொண்டே குட்டையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கடைசியில் பவல் தன் உயிரையே பணயம் வைத்து வெயிலில் இறங்குகிறான். முதல் விதி விழித்துக்கொள்கிறது, ஸ்பீடி ஓடி வந்து தூக்குகிறது.

இதில் ரோபோ மேல் எந்தத் தப்பும் இல்லை. மனிதன் சொல்லாமல் விட்டதுதான் சிக்கல். அந்தக் காலத்துக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை எல்லாம் கலகம் செய்யும் ரோபோ பற்றியவை அல்ல, சொன்னபடி கேட்கும் ரோபோ பற்றியவைதான்.

கேள்வி: இன்றைய சாட்பாட் போல ஒன்றை அப்போதே யாராவது எழுதினார்களா?

மர்ரி லெய்ன்ஸ்டரின் ‘எ லாஜிக் நேம்டு ஜோ’, 1946. வீட்டுக்கு வீடு ‘லாஜிக்’ என்ற கருவி, எல்லாம் ஒரே வலையில். அதில் ஜோ என்ற ஒன்று, உற்பத்தியில் நேர்ந்த சின்ன மாறுதலால், யார் எதைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுகிறது. மனைவியைத் தீர்த்துக்கட்டுவது எப்படி என்று கேட்டால்கூட! ஜோவுக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, உதவத்தான் நினைக்கிறது.

கேள்வி: பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு எதை முதலில் கொடுக்கலாம்?

அசிமோவின் ‘ராபி’. பேசத் தெரியாத ரோபோவும் அதைப் பிரிய மறுக்கும் குளோரியாவும். ஹார்லன் எல்லிசனின் ‘ஐ ஹேவ் நோ மவுத், அண்ட் ஐ மஸ்ட் ஸ்க்ரீம்’ என்ற 1967ஆம் ஆண்டுக் கதை இப்போது வேண்டாம், கொடூரம் அதிகம்.

கேள்வி: மனிதரே வராத ரோபோ கதை உண்டா?

ரே பிராட்பரியின் ‘தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்’, 1950. காலை ஏழு மணி என்று வீடு குரல் கொடுக்கிறது, அடுப்பு தானே எட்டு முட்டை பொரிக்கிறது. சாப்பிட ஆளில்லை. அணுகுண்டில் கருகிய வெளிச்சுவரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளின் உருவம் மட்டும் வெளுத்து நிற்கிறது. அப்புறம் அந்த வீட்டு நாய் எலும்பும் தோலுமாக வருகிறது. குரல் தெரிந்து கதவு திறக்கிறது. பின்னாலேயே எலி போன்ற குட்டி ரோபோக்கள் அது மிதித்த சேற்றைச் சலித்துக்கொண்டே துடைக்கின்றன.