படிவத்தில் என்ன எழுதுவது? - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வங்கி ஊழியர் சங்க நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகன் அமெரிக்காவில் ஒரு பெரிய விமான நிறுவனத்தில் துணை விமானி. சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. ஒப்பந்தப் பேச்சுவார்த்தை தொடங்குவதற்கு முன்னால் சங்கம் எல்லா விமானிகளுக்கும், எது முதலில் வேண்டும் என்று கேட்டு, ஒரு சர்வே அனுப்பியிருக்கிறது. நான் அங்கே போயிருந்தபோது அவனுடைய நண்பர்கள் சாப்பிட வந்தார்கள். பேச்சு முழுக்க இதுதான். "நிரப்பவே கூடாது, நாம் எதுவரை இறங்கி வருவோம் என்று கம்பெனிக்குத் தெரிந்துவிடும்" என்றார் ஒருவர். "ஆளுக்கு ஒன்று கேட்டால் ஒற்றுமை போய்விடும், தலைவர்கள் பின்னால் நின்றால் போதும்" என்றார் இன்னொருவர். மகன் இன்னும் நிரப்பவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

செ.

அன்புள்ள செ.,

நிரப்பச் சொல்லுங்கள். இன்றைக்கே.

கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் யார் எதற்கு விலை போவார்கள் என்று கம்பெனி எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருக்கும். தன் ஆட்களின் மனது தெரியாமல் மேஜைக்குப் போவது சங்கம் மட்டும்தான். அப்படிப் போகிறவர்கள் கூட்டத்தில் உரக்கப் பேசிய நாலு பேரின் கோரிக்கையைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அமெரிக்காவில் இது இன்னும் முக்கியம். அங்கே விமானிகளுக்குப் பொருந்துவது 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டம். 1936ல் விமான நிறுவனங்களையும் அதில் சேர்த்தார்கள். அதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆகாது. குறித்த தேதிக்குப் பிறகு திருத்தலாம், அவ்வளவுதான். புதியது கையெழுத்தாகும்வரை பழைய சம்பளம், பழைய விதிகள். நினைத்தவுடன் வேலைநிறுத்தம் செய்யவும் முடியாது. அரசின் மத்தியஸ்த வாரியம் இனி பேசிப் பயனில்லை என்று இரு தரப்பையும் விடுவிக்க வேண்டும், பிறகு 30 நாள் பொறுக்க வேண்டும், அதற்கு மேலும் ஜனாதிபதி தலையிடலாம். 2010ல் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் விமானிகள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்படி நடப்பது அபூர்வம். ஆகவே அங்கே சங்கத்தின் பலம் என்பது வருடக்கணக்கில் சேர்ந்து காத்திருப்பது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாதவன் எத்தனை நாள் காத்திருப்பான்?

அப்புறம், விமானிகள் எல்லோருக்கும் ஒரே தேவை என்று நினைப்பதே தவறு. 65 வயதில் கட்டாய ஓய்வு. 62 வயது கேப்டனுக்கு இந்த ஒப்பந்தம்தான் கடைசி, ஓய்வூதியம் அவருக்கு உயிர். உங்கள் மகனுக்கு இன்னும் முப்பது வருடம் இருக்கிறது. அவன் ரிசர்வில் இருந்தால், போன் வந்தவுடன் கிளம்பத் தயாராக நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும், அவனுக்குப் பணிநேர விதிதான் பெரிது. எந்த விமானம், எந்த ஊர், கிறிஸ்துமஸுக்கு லீவு உண்டா இல்லையா, எல்லாவற்றையும் சீனியாரிட்டி எண் முடிவு செய்கிறது. அவர் கேட்பதும் நியாயம், இவன் கேட்பதும் நியாயம். இதை வாய்விட்டுச் சொல்வதால் ஒற்றுமை கெடாது. டெல்டா ஏர்லைன்ஸ் விமானிகளைப் பாருங்கள். 2022 அக்டோபரில், தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் என்ற வாக்கெடுப்பில் 99 சதவீதம் ஆதரவு. அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம் வந்தபோது 78 சதவீதம்தான் சரி என்றார்கள். வேண்டாம் என்று வாக்களித்தவர்களும் அதே ஒப்பந்தத்தில் பறக்கிறார்கள். நான் ஒற்றுமை என்று சொல்வது இதைத்தான். யுனைடெட் ஏர்லைன்ஸில் அதே 2022ல் வந்த ஒப்பந்தத்தை 94 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். மறுபடி பேசி, 2023ல் வந்ததை 82 சதவீதம் பேர் ஏற்றுக்கொண்டார்கள்.

எது உண்மையான பிளவு என்று உங்கள் மகனுக்குத் தெரிய வேண்டுமானால், யுஎஸ் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தின் கதையைக் கேட்கச் சொல்லுங்கள். 2005ல் அதுவும் அமெரிக்கா வெஸ்ட் என்ற இன்னொரு நிறுவனமும் இணைந்தன. இரண்டிலும் விமானிகளுக்கு ஒரே சங்கம், ஆல்பா என்று பெயர். யுஎஸ் ஏர்வேஸ் விமானிகளை கிழக்கு என்றும் அமெரிக்கா வெஸ்ட் விமானிகளை மேற்கு என்றும் சொல்வார்கள். கிழக்குப் பக்கத்தார் மூத்தவர்கள். கம்பெனி இரண்டு முறை திவாலாகி, சம்பளம் குறைந்து, பழைய பென்ஷனையும் இழந்தவர்கள். பலர் லே-ஆஃபில், அதாவது வேலை தராமல் நிறுத்தி வைக்கப்பட்டு, வீட்டில் இருந்தார்கள். மேற்குப் பக்கத்தார் இளையவர்கள், எண்ணிக்கையில் குறைவு. இரு தரப்புக்கும் ஒரே சீனியாரிட்டி பட்டியல் போட வேண்டும். சேர்ந்த தேதிப்படி போடுங்கள் என்றது கிழக்கு. அப்படிப் போட்டால் எங்கள் கேப்டன் இருக்கையே போய்விடும் என்றது மேற்கு. 2007ல் நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் தேதிக் கணக்கை ஏற்காமல் தீர்ப்பு சொன்னார். பல வருடம் பறந்து, லே-ஆஃபில் இருந்த கிழக்கு விமானி, அண்மையில் சேர்ந்த மேற்கு விமானிக்குக் கீழே போனார். கிழக்கு கொதித்தது. 2008ல் தங்கள் எண்ணிக்கை பலத்தால் ஆல்பாவையே வெளியேற்றிவிட்டுப் புதிய சங்கம் அமைத்தார்கள். மேற்கு கோர்ட்டுக்குப் போனது. 2013ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணையும்வரை பொது ஒப்பந்தமே வரவில்லை. கிழக்கு விமானிகள் அத்தனை வருடமும் திவால் காலச் சம்பளத்தில் பறந்தார்கள். கிழக்கு கேப்டனும் மேற்குத் துணை விமானியும் ஒரே காக்பிட்டில் உட்காரவே இல்லை. பட்டியல் முடிவானது 2016ல். இரண்டு பக்கத்து வலியும் நிஜம். எனக்கு அதுதான் மனதை அறுக்கிறது. அடுத்தவன் எதை இழக்கப் பயப்படுகிறான் என்று கேட்டுக்கொள்ள அவர்களுக்கு ஒரு இடம் இல்லாமல் போயிற்று.

என் கதையையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊதிய ஒப்பந்தத்துக்கு முன்னால் எங்கள் சங்கமும் படிவம் கொடுத்தது, பன்னிரண்டு கோரிக்கைகளை வரிசைப்படுத்தச் சொல்லி. எங்கள் கிளையில் வாங்கிச் சேர்த்தது நான்தான். எல்லோரும் சம்பளத்துக்குத்தான் ஒன்று போடுவார்கள் என்று நினைத்தேன். கேஷ் கவுண்டரில் இருந்த அம்மா ஒருவர் அதற்கு ஏழு போட்டிருந்தார். இடமாற்றத்துக்கு ஒன்று. "மாமியார் படுத்த படுக்கை சார், என்னை இந்த ஊரைவிட்டு நகர்த்தாம இருந்தா போதும்" என்றார். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ஒருநாள் சங்க அலுவலகத்துக்குப் போனேன். பீரோவுக்கு மேலே எங்கள் கட்டு இருந்தது. நான் போட்ட சணல் முடிச்சு, அவிழ்க்கவே இல்லை. அடுத்த ஒப்பந்தத்துக்குப் படிவம் நீட்டியபோது அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு மறுபடி பணம் எண்ணத் தொடங்கினார். எனக்கு வற்புறுத்த வாய் வரவில்லை.

ஆகவே நிரப்பினால் மட்டும் போதாது. முடிவுகளை எப்போது, எந்த அளவுக்கு உறுப்பினர்களிடம் சொல்வீர்கள் என்று அவன் தன் சங்கப் பிரதிநிதியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். இரகசியமாக வைக்க வேண்டிய எண்கள் உண்டு, சரி. ஆனால் "படித்தோம், இதனால் இந்தக் கோரிக்கையை மேலே ஏற்றினோம்" என்று சொல்வதில் எந்த இரகசியமும் இல்லை.

அடுத்து மூத்த கேப்டன் யாரோடாவது நாலு நாள் டியூட்டி வரும் இல்லையா? இரவு ஓட்டலில் சாப்பிடும்போது, நீங்கள் முதலில் எதைப் போட்டீர்கள் என்று அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். தான் போட்டதையும் சொல்லட்டும்.

அன்புடன்.