கார்கில் தினத்தில் பேச வேண்டுமா? தோலோலிங்கை மட்டும் எடுங்கள்

கேள்வி: கடலூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், என்.சி.சி.யில் இருக்கிறேன். ஜூலை 26 அன்று ‘கார்கிலில் 8-வது மலை டிவிஷன் கற்ற பாடங்கள்’ என்று பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தேடினால் வீரக்கதைகள்தான் கிடைக்கின்றன. எதைச் சொல்வது, எதை விடுவது?

பதில்: பத்து நிமிடத்தில் மொத்தப் போரும் அடங்காது, தம்பி. லடாக்கில் திராஸ் ஊருக்கு மேலே நிற்கும் தோலோலிங் மலை ஒன்று போதும். அதே மலை மூன்று வாரம் போல வசப்படவில்லை, அப்புறம் வசப்பட்டது. இடையில் என்ன மாறியது என்பதைச் சொன்னாலே, டிவிஷன் (பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரிய ராணுவப் பிரிவு) கற்ற பாடத்தில் முக்கால்வாசி வந்துவிடும்.

திராஸ் ஊரே சுமார் 10,800 அடி உயரத்தில் இருக்கிறது. தோலோலிங் முகடு அதற்கும் மேலே நாலாயிரம் அடிக்குக் குறையாது. அங்கே உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே ஸ்ரீநகர்–லே சாலையில் போகும் லாரிகள் தெரியும். சரிவில் மரம் மட்டை எதுவும் கிடையாது. 1999 மே கடைசியில் நம் ராணுவத்தின் 18 கிரெனேடியர்ஸ் என்ற காலாட்படைப் பட்டாலியன் ஏறத் தொடங்கியபோது மேலே இருப்பது சில ஊடுருவல்காரர்கள்தான் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இருந்ததோ கல் அடுக்கிய காப்பரண்களில் இயந்திரத் துப்பாக்கியோடு பாகிஸ்தான் ராணுவச் சிப்பாய்கள். மேஜர் ராஜேஷ் அதிகாரி, லெப்டினன்ட் கர்னல் விஸ்வநாதன் உட்படப் பலரை அந்தச் சரிவு கொண்டுபோனது.

தைரியத்தில் குறையே இல்லை. குறைந்தது பீரங்கியும் அவகாசமும். ஜூன் தொடக்கத்தில் 8-வது மலை டிவிஷன் திராஸ் பகுதியின் பொறுப்பை ஏற்றபின் இவை இரண்டும் சேர்ந்தன. போஃபர்ஸ் பீரங்கிகளைச் சாலையோரமே நிறுத்தி, காப்பரணைக் கண்ணால் பார்த்து நேராகச் சுட்டார்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள், கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் குண்டு கூடுதல் தூரம் போகும், எவ்வளவு தூரத்துக்கு எப்படிக் குறிவைப்பது என்று சமவெளிக்குப் போட்ட அட்டவணை அங்கே உதவாது. இலக்கோ கத்தி விளிம்பு போன்ற முகடு. கொஞ்சம் தள்ளிப்போனால் குண்டு மறுபக்கப் பள்ளத்தாக்கில் விழும், கொஞ்சம் முன்னால் விழுந்தால் ஏறிக்கொண்டிருக்கும் நம் ஆட்கள் மேலேயே விழும். காலாட்படை நெருங்கியதும் பீரங்கி நிற்க வேண்டும். அந்தக் கடைசித் தூரத்தில் துப்பாக்கியும் கையெறி குண்டும்தான் துணை.

ஜூன் 13-இல் தோலோலிங்கைப் பிடித்தது 2 ராஜபுதன ரைபிள்ஸ் என்ற இன்னொரு பட்டாலியன். ஆனால் முகட்டுக்குக் கீழே பாறை மறைவில் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டு, அவர்கள் தாக்கக் கால் ஊன்ற இடம் கொடுத்தவர்கள் கிரெனேடியர்ஸ். பல பேச்சுகளில் இது விட்டுப்போகிறது, நீங்கள் விடாதீர்கள்.

உயரத்துக்கு உடம்பைப் பழக்குவது பற்றி ஒரு நிமிடம் போதும். நம் ராணுவ விதிப்படி 9,000 அடியிலிருந்து 12,000 வரை ஆறு நாள், 15,000 வரை நாலு நாள், அதற்கு மேல் இன்னொரு நாலு நாள் தங்கித்தான் ஏற வேண்டும். கேட்பவர்களில் பலருக்கு மலை என்றால் கடலூர்க் கேப்பர் மலைதான். “25 கிலோ அரிசிச் சிப்பத்தை முதுகில் கட்டிக்கொண்டு, மூச்சுக் கிடைக்காமல், ராத்திரியில், சத்தம் வராமல் ஏறுங்கள்” என்றால் உடனே புரியும். எடை மிச்சம் பிடிக்கச் சாப்பாட்டைக் குறைத்துத் தோட்டாவைக் கூட்டினார்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

கற்ற பாடத்தை எங்கே பயன்படுத்தினார்கள் என்று யாராவது கேட்டால், திராஸ் பகுதியிலேயே உள்ள டைகர் ஹில் சிகரத்தில் என்று சொல்லுங்கள். ஜூலை 3 இரவு, எதிரி எதிர்பார்க்காத செங்குத்தான பக்கமாகக் கயிறு கட்டி ஏறினார்கள். மேற்கு முகட்டில் 8 சீக்கியர் பட்டாலியன் எதிரிக்குச் சாமான் வரும் வழியை மறித்தது. எதிர்த்தாக்குதல் வரும் என்று தெரிந்தே காத்திருந்தார்கள், வந்தது, முறியடித்தார்கள்.

விமானப்படை பற்றிக் கேள்வி வந்தால் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற உத்தரவைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அது தனிப் பேச்சு.

திருச்சி மேஜர் சரவணனைக் குறிப்பிட ஆசை வரும், தாராளமாகக் குறிப்பிடுங்கள். ஆனால் அவர் 1 பிஹார் பட்டாலியன், உயிர்நீத்தது கார்கில் போரின் இன்னொரு முனையான படாலிக் பகுதியில். அது 3-வது காலாட்படை டிவிஷனின் பொறுப்பு. தலைப்பு 8-வது டிவிஷன் என்பதால் இதை ஒரு வாக்கியத்தில் தெளிவுபடுத்திவிடுங்கள். பேசும் முன் கரும்பலகையில் சாலை, சரிவு, முகடு மூன்றையும் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் ஒரு கோட்டுப்படம் போட்டுவையுங்கள். மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் உயரம் தெரியாது.