தோல்விக்கு முன்பே தயாராகும் சாக்கு

கேள்வி: குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் இரண்டு முறை தேறினேன், ஊகித்துக் குறித்த விடைகள்தாம் காப்பாற்றினவோ என்ற சந்தேகம் இன்னும் இருக்கிறது. முதன்மைத் தேர்வு நெருங்கினால் விடை எழுதிப் பழகாமல் புதுப்புதுக் குறிப்புகளாகச் சேர்க்கிறேன். முந்தைய இரவு இரண்டு மணி வரை கைப்பேசியில் கழிகிறது. பிறகு, ‘சரியாகப் படிக்கவில்லை’ என்று எல்லோரிடமும் சொல்கிறேன். இது சோம்பலா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விருதுநகர்

பதில்: சோம்பலாக எனக்குத் தோன்றவில்லை. ‘சரியாகப் படிக்கவில்லை’ என்று சொல்ல இடமிருக்கும்வரை, ‘படித்தும் முடியவில்லை’ என்ற தீர்ப்பை நீங்கள் கேட்க வேண்டியதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்கள் விஷயத்தில் ஆடத் தெரிந்தவரே முந்தைய இரவில் கூடத்தைக் கோணலாக்கி வைக்கிறார்.

அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டீவன் பெர்க்லாஸும் எட்வர்ட் ஜோன்ஸும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்களுக்குப் பொருந்தும். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினருக்குப் பெரும்பாலும் விடையே காண முடியாத வினாக்களைக் கொடுத்து, நன்றாகச் செய்ததாகப் பாராட்டிவிட்டு, அடுத்த தேர்வுக்கு முன் திறனைக் கூட்டும் மருந்து, குறைக்கும் மருந்து ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எப்படி வென்றோம் என்றே புரியாமல் வென்ற அந்தப் பிரிவின் ஆண்களில் பெரும்பாலோர் கேட்டது, குறைக்கும் மருந்தை. உங்கள் கைப்பேசி செய்வதும் அந்த மருந்தின் வேலையைத்தான். எனவே முதல்நிலைத் தேர்வின் வினாத்தாளை மீண்டும் எடுத்து, தெரிந்தே எழுதியவை எத்தனை, ஊகித்தவை எத்தனை என்று நேர்மையாகப் பிரித்துப் பாருங்கள். அதிர்ஷ்டம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு உழைத்திருக்காது.

அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகம். கை கைப்பேசிக்குப் போகும் நொடியில் மனத்தில் ஓடும் வாக்கியத்தை, ‘இந்தத் தலைப்பை முழுசாக முடித்துவிட்டு எழுதலாம்’ என்பது போல, ஓடியபடியே எழுதுங்கள். எதிரே, அதன்பின் என்ன செய்தீர்கள் என்பதையும் குறியுங்கள். இப்படிக் கணத்தில் வந்துபோகும் எண்ணங்களைப் பிடித்து, அவற்றுக்கு ஆதாரம் உண்டா என்று விசாரிக்கும் முறையை மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கினார். விசாரிப்பது போதும், உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம், அது இன்னொரு சாக்காகிவிடும்.

‘நாளை முதல் ஒழுங்காகப் படிப்பேன்’ என்ற சபதங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும், கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு விடையை நேரம் வைத்து எழுதி, மறுநாளே உடன் படிப்பவரிடம் திருத்தக் கொடுங்கள். முதல் சில விடைகள் சுமாராகத்தான் வரும். கிழித்துப் போடாமல் தேதியிட்டு வையுங்கள், மதிப்பெண் எங்கே போகிறது என்பதை அவைதாம் காட்டும்.

தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மட்டும் இந்தப் பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அரசின் ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண் 14416-இல் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.