நிரலும் நீங்களும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கல்லூரி நூலகத்துக்காக சிஷார்ப் மொழியில் சிறிய நிரல் ஒன்று எழுதுகிறேன். மொத்தம் பதினோரு கிளாஸ்கள் (வேலைவாரியாகப் பிரித்த நிரல் பகுதிகள்). டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் கண்டெய்னர் இல்லாமல் எழுதினால் நேர்முகத் தேர்வில் மதிக்கமாட்டார்கள் என்கிறான் உடன் படிப்பவன். கட்டாயம் வேண்டுமா? (மாணவி, திண்டுக்கல்)

கண்டெய்னர் வேண்டாம். இன்ஜெக்‌ஷன் கட்டாயம் வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

உங்கள் நிரலில் அபராதம் கணக்கிடும் கிளாஸ் ஒன்று நிச்சயம் இருக்கும். அது இன்றைய தேதியைத் தானே கணினியிடம் கேட்டுக்கொண்டால், பதினைந்து நாள் தாமதத்துக்குச் சரியாக 15 ரூபாய் வருகிறதா என்று எப்படிச் சோதிப்பீர்கள்? பதினைந்து நாள் காத்திருக்க முடியுமா? ஆகவே கடிகாரத்தைக் கன்ஸ்ட்ரக்டர் (கிளாஸிலிருந்து ஒரு பொருள், அதாவது ஆப்ஜெக்ட், உருவாகும்போது ஓடும் பகுதி) வழியாக வெளியிலிருந்து கொடுங்கள். சோதனையின்போது எப்போதும் 20-ஆம் தேதி என்றே சொல்லும் ஒரு பொய்க் கடிகாரத்தைக் கொடுங்கள். 5-ஆம் தேதி திரும்பியிருக்க வேண்டிய புத்தகத்துக்கு 15 ரூபாய் அந்த நொடியிலேயே வந்துவிடும். சிஷார்ப் நிரல்கள் ஓடும் தளமான டாட்நெட்டின் 8-ஆம் பதிப்பில் இதற்கென்றே டைம்புரொவைடர் என்ற கிளாஸைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு கிளாஸ் தனக்கு வேண்டியதைத் தானே உருவாக்கிக்கொள்ளாமல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதுதான் இன்ஜெக்‌ஷன். மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 2004 ஜனவரியில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் நிலைத்தது.

கண்டெய்னர் என்பது அந்தக் கொடுக்கும் வேலையை நமக்காகச் செய்யும் கருவி. பதினோரு கிளாஸுக்கு அந்த வேலையை நிரல் தொடங்கும் இடமான மெயினில் நீங்களே பத்துப் பதினைந்து வரிகளில் செய்துவிடலாம். செய்து பாருங்கள் என்றே சொல்வேன். ஒரு கன்ஸ்ட்ரக்டருக்கு ஏழு பொருள்களைக் கையால் எடுத்துக் கொடுக்கும்போது, இந்த கிளாஸ் அளவுக்கு மீறிச் சுமக்கிறது என்பது கைக்கே தெரியும். கண்டெய்னர் அந்த வலியை மறைத்துவிடும். வலி தெரிந்த பிறகு கண்டெய்னருக்குப் போகிறவர்கள்தான் அதை நன்றாகக் கையாள்கிறார்கள். நேர்முகத் தேர்வில் இதை அப்படியே சொல்லுங்கள்.

கேள்வி: இணைய நிரல்கள் எழுத உதவும் ஏஎஸ்பி டாட்நெட் கோரின் கண்டெய்னரில், ஒரு ஆப்ஜெக்ட் எவ்வளவு நேரம் வாழும் என்பதைச் சொல்ல சிங்கிள்டன், ஸ்கோப்ட், ட்ரான்சியன்ட் என்று மூன்று வகை இருக்கின்றன. வேகமாக இருக்கும் என்று எங்கள் குழுவில் எல்லாவற்றையும் சிங்கிள்டனாகவே பதிவுசெய்யச் சொல்கிறார்கள். சரியா? (மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்)

தவறு. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம்.

2019-இல் ஒரு மருந்துக் கடைக்கு பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்தோம். நான்கு கவுன்ட்டர், நான்கு காசாளர்கள். பில் போடும் கிளாஸை சிங்கிள்டனாகப் பதிவுசெய்தது நான்தான். யார் உள்ளே நுழைந்திருக்கிறார் என்பதைச் சொல்லும் ஆப்ஜெக்ட் ஸ்கோப்ட். அதாவது நிரலுக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகப் பிறக்க வேண்டியது. ஆனால் நிரல் ஓடும்வரை சாகாத சிங்கிள்டன், தான் உருவான கணத்தில் கையில் கிடைத்த அந்த ஆப்ஜெக்டை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது. காலையில் முதல் பில்லைப் போட்டவர் பெயரே அன்று முழுவதும் நான்கு கவுன்ட்டர் பில்லிலும் அச்சானது. யாரும் கவனிக்கவில்லை. இரவு கணக்கில் 2,300 ரூபாய் குறைந்தபோது அத்தனை பில்லும் அந்த ஒரு பெண்ணின் பெயரில் இருந்தன. அவர் அழுதபடி நின்றதை நான் நேரில் பார்த்தேன். திருத்தம் ஒரே வரிதான்: ஆட்சிங்கிள்டன் என்றிருந்ததை ஆட்ஸ்கோப்ட் என்று மாற்றினேன்.

இந்தத் தவறைக் கண்டுபிடித்துச் சொல்லும் வசதி அந்தக் கண்டெய்னரிலேயே இருக்கிறது. ஆனால் நிரல் ஓடும் சூழலுக்கு வைத்த பெயர் டெவலப்மென்ட் என்று இருந்தால்தான் அது தானாக இயங்கும். நாங்கள் எல்லாக் கணினிகளிலும் டெஸ்ட் என்று பெயர் வைத்திருந்தோம். நீங்கள் அந்த வசதியின் அமைப்புகளான வேலிடேட்ஸ்கோப்ஸ், வேலிடேட்ஆன்பில்ட் இரண்டையும் எல்லாச் சூழலிலும் ட்ரூ என்று வையுங்கள்.

எந்த வகை என்று முடிவெடுக்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது: இந்த ஆப்ஜெக்ட் எதையாவது நினைவில் வைத்திருக்கிறதா, அது யாருடைய விஷயம்? ஒரு பயனருக்கோ ஒரு கோரிக்கைக்கோ உரியதென்றால் ஸ்கோப்ட். தரவுத்தளத்தோடு பேசும் டிபிகான்டெக்ஸ்ட் வழக்கமாக ஸ்கோப்டாகவே பதிவாவதும் இதனால்தான். ஒரே நேரத்தில் இரண்டு திரெட்கள் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) அதைத் தொடக் கூடாது. எல்லோருக்கும் பொதுவானது, பல திரெட்கள் தொட்டாலும் கெடாதது என்றால் சிங்கிள்டன். எதையும் நினைவில் வைக்காத சிறியவை ட்ரான்சியன்ட்டாக, அதாவது கேட்கும்போதெல்லாம் புதிதாக உருவாவதாக இருக்கட்டும். வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். தரவுத்தளத்துக்கு ஒருமுறை போய்வரும் நேரத்தோடு ஒப்பிட்டால், ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கும் நேரம் கணக்கிலேயே வராது.

கேள்வி: ஜாவாவில் நிரல் எழுத உதவும் ஸ்பிரிங் பூட்டின் பதிப்பை உயர்த்தியதும், கிளாஸ்கள் ஒன்றையொன்று சுற்றிச் சார்ந்திருக்கின்றன என்று சொல்லி நிரல் தொடங்க மறுக்கிறது. முன்பு ஓடியதே? (வாசகர், கோவை)

2021-இல் வந்த 2.6 பதிப்பு முதல் இது இயல்பாகவே தடைசெய்யப்பட்டிருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துத் தடையை நீக்கலாம். இன்று மாலைக்குள் நிரல் ஓடியாக வேண்டுமென்றால் நீக்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஆர்டர் கிளாஸ் இருப்பு கிளாஸைக் கேட்கிறது, இருப்பு திரும்ப ஆர்டரைக் கேட்கிறது என்றால், இரண்டுக்கும் பொதுவான வேலை ஒன்று இடையில் சிக்கியிருக்கிறது என்று பொருள். அதைப் பிரித்து மூன்றாவது கிளாஸாக எழுதி, இரண்டுக்கும் அதையே கொடுங்கள். பிறகு அந்த வரியை மறக்காமல் அழித்துவிடுங்கள்.