கையெழுத்துப் போட்டுவிட்டால் கேள்வி கேட்க முடியாதா?

கேள்வி: மகளின் வரவேற்புக்கு முன்பு, நெற்றிச் சுருக்கத்துக்காக அண்ணா நகரில் ஓர் அழகு நிலையத்தில் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டேன். 18,000 ரூபாய். ஐந்தாம் நாள் இடது இமை தொங்கிவிட்டது. வரவேற்பு போட்டோ எல்லாவற்றிலும் தூக்கக் கலக்கத்தில் நிற்கிறேன். போய்க் கேட்டால், நான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டி, ‘பக்கவிளைவுக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்கிறார்கள். வேண்டுமானால் இலவசமாக ஒரு ஃபேஷியல் செய்கிறார்களாம். ஊசி போட்ட வெள்ளைக் கோட்டுப் பெண் டாக்டர்தானா என்றே இப்போது சந்தேகம். வழக்குப் போடலாமா?
– வாசகி, விருகம்பாக்கம்

பதில்: அந்த ஃபேஷியலுக்கு மட்டும் போய்விடாதீர்கள் அம்மா. ‘சமாதானம் ஆகிவிட்டது’ என்று அடுத்த தாளை நீட்டுவார்கள்.

முதலில் உடம்பு. இமைத் தொங்கல் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்; மருந்தின் வேலையே மூன்று நான்கு மாதம்தான். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் மட்டும் உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். எப்படியும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் காட்டி, ஓ.பி. சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இமை தொங்கியதாலேயே கவனக்குறைவு நிரூபணமாகிவிடாது. நல்ல தோல் மருத்துவர் கையிலும் எப்போதாவது அப்படி நேரும். இமையை மட்டும் நம்பிப் போட்டால் வழக்கு நொண்டும். ஊசியைப் பிடித்த கை யாருடையது என்பதில்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் காற்று உங்கள் பக்கம். ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்த பூனம் வர்மா வழக்கில், தனக்குத் தகுதியில்லாத வைத்தியத்தைப் பார்ப்பதே கவனக்குறைவு என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டாக்டராகப் பதிவு செய்யாமலேயே வைத்தியம் பார்ப்பவருக்கு, தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையும் உண்டு. போலீஸ் புகார் அப்போதுதான் எடுபடும்.

அந்தக் கையெழுத்துக்குப் பயப்படாதீர்கள். சிகிச்சை என்ன, ஆபத்து என்ன, வேறு வழி என்ன என்று விளக்கிய பிறகு தருவதுதான் சம்மதம். 2008-இல் சமீரா கோலி வழக்கின் தீர்ப்பு இது. ஆபத்துக்குச் சம்மதித்தவர் அலட்சியத்துக்கும் சம்மதித்ததாக ஆகாது.

இன்றே ஸ்பீடு போஸ்டில் சிகிச்சைக் குறிப்பைக் கேளுங்கள்: மருந்தின் பெயர், பேட்ச் எண், எத்தனை யூனிட், போட்டவர் யார். டாக்டராக இருந்தால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். பதிலே வராவிட்டால் அந்த மௌனமும் நமக்குச் சாட்சிதான்.

பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. வக்கீல் கட்டாயமில்லை (என் பிழைப்பை நானே கெடுத்துக்கொள்கிறேன்).

போட்டோக்காரரிடம் இமையை ‘சரிசெய்து’ தரச் சொல்லியிருந்தால், திருத்தாத படங்களையும் கேட்டு வாங்கி வையுங்கள்.